பட்லரின் ஆங்கிலம் எங்கிருந்து வந்தது? கசுவோ இஷிகுரோ பற்றி

ஆந்தனி ஹாப்கின்ஸ் பட்லராக, அதாவது மாளிகையின் தலைமைப் பணியாளராக நடித்த ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ படத்தைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். மூல நாவலை எழுதியவர் பெயர் கசுவோ இஷிகுரோ என்று வருகிறதே, அவர் ஜப்பானியரா? ஆங்கிலேய மாளிகையின் உள்விவகாரம் இவ்வளவு நுணுக்கமாக அவருக்கு எப்படித் தெரிந்தது? வேறு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார், எதிலிருந்து தொடங்கலாம்? கடைசிக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம்: படம் பார்த்திருந்தாலும் அந்த நாவலிலிருந்தே தொடங்குங்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் சுற்றி வரவேண்டும். அந்த பட்லர் பேசும் ஆங்கிலம், என் கணிப்பில், நாகசாகி வழியாக வந்தது.

இஷிகுரோ பிறந்தது நாகசாகியில், 1954 நவம்பர் 8 அன்று. அணுகுண்டு விழுந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. குண்டு விழுந்தபோது அவருடைய அம்மா ஷிஸுகோ அந்த ஊரில்தான் இருந்தார், பிழைத்துக்கொண்டார். அப்பா ஷிஸுவோ கடலியல் விஞ்ஞானி. 1953 ஜனவரி கடைசி இரவில் வடகடல் பொங்கியதில் நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்டவர்களும் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300-க்கும் மேற்பட்டவர்களும் செத்துப்போனார்கள். அப்படிப்பட்ட புயல் அலையை முன்கூட்டியே கணிக்க மின்சுற்றுகளால் ஆன ஓர் இயந்திரத்தை உருவாக்கியவர் ஷிஸுவோ. அந்த வேலைக்காகப் பிரிட்டனின் தேசியக் கடலியல் நிறுவனம் அவரை அழைக்க, 1960-ல் குடும்பம் லண்டனை அடுத்த கில்ட்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது. பையனுக்கு ஐந்து வயது. அந்த இயந்திரம் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு என்னவோ மகனின் நோபல் பதக்கத்தைவிட அப்பாவின் அந்தப் பெட்டியைப் பார்க்கத்தான் ஆசை.

ஓரிரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் வந்தார்கள். வருடா வருடம் வேலை நீட்டிக்கப்பட்டது. அடுத்த வருடம் ஊருக்கு, அடுத்த வருடம் ஊருக்கு என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகள் வளர்ந்துவிடும் வீடுகளை நாம் நிறையப் பார்த்திருப்போம்; இதுவும் அப்படி ஒரு வீடு. வீட்டுக்குள் ஜப்பானிய மொழி, ஜப்பானிய ஒழுங்குகள். வெளியே வந்தால் தேவாலயப் பாடகர் குழுவில் முன்னணிப் பையன், அண்டை வீட்டாரிடம் கச்சிதமான ஆங்கில மரியாதை. மாதாமாதம் ஜப்பானிலிருந்து ஒரு பார்சல் வரும். பையன் என்றாவது திரும்பி வந்தால் திணறக்கூடாது என்று படக்கதைகளும் சிறுவர் பத்திரிகைகளும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பதின்ம வயதில் பார்சல் நின்றது. ஆனால் அந்தப் படக்கதைகளும், அம்மா அப்பா பேச்சும், ஐந்து வயது வரைக்குமான நினைவுத் துணுக்குகளும் சேர்ந்து அவர் தலைக்குள் ஒரு முழு தேசமே கட்டப்பட்டிருந்தது. அந்த தேசத்தின் பெயர் ஜப்பான். நிஜ ஜப்பானில் அவர் மறுபடி கால் வைத்தது 1989-ல்தான். அதற்குள் ஜப்பானை வைத்து இரண்டு நாவல்கள் எழுதி முடித்திருந்தார்.

எழுத்தாளனாக வேண்டும் என்று அவர் கனவு கண்டதில்லை. பாட்டு எழுதிப் பாடவேண்டும் என்பதுதான் ஆசை. பாப் டிலன், லெனார்ட் கோஹன், ஜோனி மிட்செல் அவருடைய ஆதர்சங்கள். கிடாரைத் தூக்கிக்கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் வண்டிகளில் லிஃப்ட் கேட்டு ஊர் சுற்றினார். பாட்டு கம்பெனிகளுக்கு ஒலிநாடா அனுப்பினார், ஒன்றும் தேறவில்லை. ஸ்காட்லாந்தின் பால்மோரல் எஸ்டேட்டில் ராஜமாதாவின் வேட்டைக்குப் புதரிலிருந்து பறவைகளைக் கலைத்து விரட்டிவிடும் வேலையும் பார்த்திருக்கிறார். பிரபுக்கள் உலகத்தைக் கூலியாள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்த அனுபவம் அது. கேன்டர்பரியில் உள்ள கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் படித்து 1978-ல் பட்டம் வாங்கினார். பிறகு மேற்கு லண்டனில் வீடற்றவர்களுக்கான தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை. அங்கே கூடப் பணியாற்றிய லோர்னா மக்டூகல் என்பவரைத்தான் 1986-ல் மணந்துகொண்டார். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

1979 இலையுதிர்காலத்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தின் படைப்பெழுத்து முதுகலை வகுப்பில் சேர்ந்தார். மால்கம் பிராட்பரி நடத்திய வகுப்பு. நாவலாசிரியர் ஏஞ்சலா கார்ட்டரும் அங்கே சொல்லிக்கொடுத்தார். பிபிசி நிராகரித்த ஒரு வானொலி நாடகத்தைத்தான் விண்ணப்பத்தோடு அனுப்பியிருந்தார். தோள்வரை முடி, தொங்கும் மீசை, முதுகுப் பை, கிடார், ஒரு சிறிய தட்டச்சுப்பொறி, இவற்றோடு நார்ஃபோக் மாவட்டத்தின் பக்ஸ்டன் கிராமத்தில் ஓர் அறையில் போய் இறங்கினார். அந்த அறையில் மூன்றாவது நான்காவது வாரத்தில் திடீரென்று நாகசாகியைப் பற்றி எழுதத் தொடங்கினார். யாரும் கேட்கவில்லை, அவரும் திட்டமிடவில்லை. தலைக்குள் இருந்த அந்த ஜப்பான் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வந்தது. அது முழுக்க அழிவதற்குள் காகிதத்தில் இறக்கிவிட வேண்டும் என்ற அவசரம்தான் தன்னை எழுதவைத்தது என்று நோபல் உரையில் சொல்கிறார். வரலாறு எழுதும் நோக்கமே கிடையாது. கெட்டுப்போகாமல் பதப்படுத்தி வைப்பதைப்போல ஒரு வேலை.

அப்படி வந்த முதல் நாவல் ‘எ பேல் வியூ ஆஃப் ஹில்ஸ்’, 1982. இங்கிலாந்தில் வாழும் எட்ஸுகோ என்ற ஜப்பானியப் பெண், மூத்த மகள் கெய்கோ தூக்குப்போட்டுக்கொண்ட துக்கத்தில் இருக்கிறாள். அதைப் பற்றிப் பேசாமல், நாகசாகியில் எப்போதோ பழகிய சச்சிகோ என்ற தோழியையும் அவளுடைய சின்ன மகள் மரிகோவையும் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறாள். சச்சிகோ ஒரு வெளிநாட்டானை நம்பி மகளை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறாள், மகளுக்கு இஷ்டமில்லை. இனி வரும் இரண்டு வரி கதையின் முடிச்சைத் தொடுகிறது, வேண்டாதவர்கள் தாண்டிவிடுங்கள். முடியும் தறுவாயில் எட்ஸுகோ பாலத்தில் நின்று அந்தச் சிறுமியிடம் பேசுகிறாள்: அங்கே உனக்குப் பிடிக்காவிட்டால் நாம் திரும்பி வந்துவிடலாம் என்கிறாள். நாம்? தோழியின் மகளிடம் ‘நாம்’ ஏன் வருகிறது? ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘நாங்கள்’ ஆகவும் இருக்கலாம், ‘நாம்’ ஆகவும் இருக்கலாம். வாசகர் கண்ணில் படாமலே நழுவிவிடும். தமிழில் மொழிபெயர்ப்பவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார். இரண்டில் ஒன்றை எழுதியே ஆகவேண்டும்; சரியானதை எழுதினால் ரகசியம் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிடும். நான் முதல் வாசிப்பில் இந்த இடத்தைக் கவனிக்கவே இல்லை. புத்தகத்தை மூடிவைத்து, காபி போடப் போனபோதுதான் உறைத்தது. திரும்பி வந்து நின்றுகொண்டே அந்தப் பக்கத்தைத் தேடினேன்.

இன்னொன்று. எட்ஸுகோவின் நினைவில் எல்லோரும் பேசுவது ஜப்பானிய மொழி. நம் கைக்கு வருவதோ ஆங்கிலம். அதனால் அந்த ஆங்கிலம் படத்துக்குக் கீழே ஓடும் வசனவரிபோல, சற்று விறைப்பாக, கொச்சையும் சொலவடையும் கலக்காமல், அடியில் வேறொரு மொழி இருப்பதைக் காட்டும்படி இருக்கவேண்டும் என்று இஷிகுரோ பார்த்துப் பார்த்துச் செய்தார். இரண்டாவது நாவலான ‘ஆன் ஆர்ட்டிஸ்ட் ஆஃப் த ஃப்ளோட்டிங் வேர்ல்டு’ம் (1986) அதே மொழியில்தான் நடக்கிறது. போருக்கு முன் ராணுவப் பெருமையை வரைந்து புகழ்பெற்ற மசுஜி ஓனோ என்ற ஓவியர், தோற்றுப்போன ஜப்பானில் இளைய மகளுக்கு வரன் பேசிக்கொண்டே தன் கடந்தகாலத்துக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறார். பெண் பார்க்கும் படலத்தில், மாப்பிள்ளை வீட்டார் முன்னால், கேட்காத கேள்விக்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் அந்த விருந்துக் காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. அவர் ஏதோ பெரிய பாவத்தைச் சுமப்பதுபோலப் பேச, எதிரே இருப்பவர்கள் திகைத்து விழிக்கிறார்கள். தான் செய்த தவறு பெரிது என்று நம்புவதிலும் ஒரு தற்பெருமை இருக்கிறது, இல்லையா? இந்த நாவலுக்குப் பிரிட்டனின் விட்பிரெட் இலக்கியப் பரிசு கிடைத்தது.

காலமும் அவருக்கு வாய்த்தது. 1981-ல் சல்மான் ருஷ்டி புக்கர் பரிசு வாங்கியதும், பிரிட்டிஷ் பதிப்பகங்கள் வெளிநாட்டுப் பெயர் கொண்ட அடுத்த எழுத்தாளரைத் தேடத் தொடங்கின. அந்த அலையில் தனக்கும் லாபம் கிடைத்தது என்று இஷிகுரோ ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். 1983-ல் கிராண்டா இதழின் சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர் பட்டியலில் இடம். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றதும் அதே சமயத்தில்தான். தொல்லையும் கூடவே வந்தது. ஜப்பானைப் பற்றி எது என்றாலும் இவரைக் கேட்டார்கள். நாவலை ஜப்பானுக்கான வழிகாட்டிப் புத்தகம்போலப் படித்தார்கள். மனிதர் தன்னையே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றி எழுதினால், இவர்கள் அதை ஜப்பானியக் குணம் என்கிறார்களே என்ற எரிச்சல். ஆகவே மூன்றாவது நாவலுக்கு, ஆங்கிலேயரிலும் ஆங்கிலேயரான ஒருவரைப் பிடித்தார்.

அந்த நாவலை எழுதிய விதம் எழுத்தாளர்கள் மத்தியில் பிரசித்தம். இரண்டாவது நாவல் தந்த புகழில் விருந்து, பயணம், பேட்டி என்று நாள் கரைந்துகொண்டிருந்தது. 1987 கோடையில் கணவனும் மனைவியுமாக ஒரு முடிவெடுத்தார்கள். தெற்கு லண்டன் சிடனத்தில் இருந்த வீட்டில் நான்கு வாரம். திங்கள் முதல் சனி வரை, காலை 9 மணியிலிருந்து இரவு 10.30 வரை எழுத்து மட்டும். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு. கடிதத்தைப் பிரிக்கக்கூடாது, போன் பக்கம் போகக்கூடாது, யாரும் வீட்டுக்கு வரக்கூடாது. சமையலும் வீட்டு வேலையும் முழுக்க லோர்னா. நான்கு வாரத்தில் நாவலின் உடம்பு நின்றுவிட்டது. இதைச் சொல்லும்போது ஆளாளுக்கு அந்த நான்கு வாரத்தைத்தான் வியக்கிறார்கள். அதற்கு முன் வேலைக்காரர்கள் எழுதிய நினைவுக்குறிப்பு, இரண்டு போர்களுக்கு இடைப்பட்ட அரசியல் துண்டறிக்கைகள், பழைய ஊர்சுற்றிக் கையேடுகள் என்று அவர் படித்துக் குவித்ததும், அந்த நான்கு வாரமும் அடுப்பங்கரையில் நின்றது யார் என்பதும் பேச்சில் அடிபடுவதில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் பாதி இதில் இருக்கிறது: மாளிகை வாழ்க்கை அவருக்குப் புத்தகங்கள் வழியாகத் தெரிந்தது. மீதியைக் கட்டிக்கொண்டார், ஜப்பானைக் கட்டிக்கொண்டதைப்போலவே.

மறுபாதி மொழி. வசனவரிபோல விறைத்து நின்ற அந்த ஆங்கிலத்தை அவர் ஸ்டீவன்ஸ் என்ற பட்லரின் வாயில் வைத்தார். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்துவிட்டது. ‘நான்’ வரவேண்டிய இடத்தில் ‘ஒருவர்’ என்பார். ‘அழுதேன்’ என்று சொல்லமாட்டார். நம் அரசாங்கக் கடிதங்களை ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ என்று முடிப்பார்களே, அந்த நடையில் ஒருவர் தன் காதலையும் அப்பாவின் சாவையும் சொல்ல நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1923 மாநாட்டு இரவைப் பாருங்கள். மாளிகையில் ஸ்டீவன்ஸின் எசமானர் டார்லிங்டன் பிரபு வெளிநாட்டு விருந்தாளிகளைக் கூட்டியிருக்கிறார். மாடியறையில், அதே வீட்டில் வேலைபார்த்த ஸ்டீவன்ஸின் வயதான அப்பா சாகக் கிடக்கிறார். ஸ்டீவன்ஸ் மேலே போகிறார், கீழே வருகிறார், ஒயின் ஊற்றுகிறார், கால்வலியால் எரிந்துவிழும் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கவனிக்கிறார். தன் மனநிலை பற்றி ஒரு சொல் இல்லை. நடுவில் ஓர் இளைஞர், உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரிக்கிறார். சற்றுப் பொறுத்து பிரபுவே, நீ அழுகிறாய்போல இருக்கிறதே என்கிறார். ஸ்டீவன்ஸ் சிரித்துக்கொண்டே கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, இன்றைக்கு வேலை கொஞ்சம் அதிகம் என்கிறார். கதையைச் சொல்பவர் அழுதார் என்பது நமக்கு மற்றவர் வாய்மொழியாக மட்டுமே தெரிகிறது. நம்பகமற்ற கதைசொல்லி என்று விமர்சகர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவர் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை.

இன்னொரு நினைவில், மாளிகையின் வீட்டு நிர்வாகியான மிஸ் கென்டன் அறைக்கு வெளியே, உள்ளே அவள் அழுகிறாள் என்ற நிச்சயத்தோடு அவர் நடைவழியில் நின்றிருக்கிறார். முதலில் அது அவளுடைய அத்தை இறந்த நாள் என்கிறார். பின்னால், இல்லை, அது வேறொரு இரவு என்று திருத்துகிறார். அவள் இன்னொருவனைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்துவிட்டு வந்த இரவு அது. படத்தில் இந்தத் தடுமாற்றம் கிடையாது. கேமராவால் ஞாபகப் பிசகு செய்ய முடியாது. நாவலைப் படியுங்கள் என்று அதனால்தான் வற்புறுத்துகிறேன். இத்தனைக்கும் படம் நன்றாகவே எடுக்கப்பட்டது: 1993-ல் மும்பைக்காரர் இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரிப்பில் ஜேம்ஸ் ஐவரி இயக்கி, டெல்லியில் பல ஆண்டுகள் வாழ்ந்த ரூத் ப்ராவர் ஜாப்வாலா திரைக்கதை எழுதி, எட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்றது.

நாவலில் இந்தியாவும் எட்டிப்பார்க்கிறது. ஸ்டீவன்ஸின் அப்பாவுக்கு மிகப் பிடித்த கதை, இந்தியாவில் எசமானரோடு இருந்த ஓர் ஆங்கில பட்லருடையது. சாப்பாட்டு மேசைக்கு அடியில் புலி படுத்திருக்கிறது. பட்லர் கதவைச் சாத்திவிட்டு, விருந்தினரோடு டீ குடித்துக்கொண்டிருக்கும் எசமானரிடம் போய்க் காதோடு துப்பாக்கிக்கு அனுமதி கேட்கிறார். சற்று நேரத்தில் வெடிச்சத்தம். பிறகு வந்து, சாப்பாடு வழக்கமான நேரத்துக்குத் தயாராகிவிடும், நடந்ததன் தடயம் எதுவும் அதற்குள் மிஞ்சியிருக்காது என்று சொல்கிறார். ஏகாதிபத்தியம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. இன்னும் ஒரு குறும்பு: பல வருடம் கழித்து மிஸ் கென்டனைப் பார்க்க ஸ்டீவன்ஸ் காரில் புறப்படுவது 1956 ஜூலை. எகிப்து சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய மாதம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் என்ற வீடு இடிந்து விழும் சத்தம் எங்கும் கேட்கும் நேரத்தில், நாவலில் சூயஸ் என்ற சொல்லே வராது.

எழுதி முடித்துவிட்டதாக நினைத்திருந்த சமயத்தில் அமெரிக்கப் பாடகர் டாம் வெயிட்ஸின் ஒரு பாட்டைக் கேட்டார் இஷிகுரோ. முரட்டுக் குரலில் ஒரு சிப்பாய் பாடிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நெஞ்சு உடைவதை ஒப்புக்கொண்டுவிடுகிறான். அதைக் கேட்ட பிறகுதான், ஸ்டீவன்ஸும் ஒரே ஒரு முறை, ஒரு வரிக்கு மட்டும் உடையவேண்டும் என்று தீர்மானித்தார். நாவலின் கடைசிப் பகுதியில் அந்த வரி இருக்கிறது. பாட்டுக்காரனாக அலைந்த வருடங்கள் வீண்போகவில்லை. 1989-ல் புக்கர் பரிசு கிடைத்தது.

ஒரே புத்தகத்தை மூன்று தடவை எழுதிவிட்டேன் என்று அவரே சொல்வதுண்டு. வீணாய்ப்போன ஒரு வாழ்க்கையை அந்த வாழ்க்கைக்குரியவரே மெழுகிச் சொல்வது. எழுதத் தெரிந்த ஒன்றையே எழுதிப் பிழைக்கலாம். அவர் அதற்கு நேரெதிராக 1995-ல் ‘தி அன்கன்சோல்டு’ என்ற 500 பக்கத்துக்கும் மேற்பட்ட பெரும் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பெயர் சொல்லப்படாத ஓர் ஐரோப்பிய நகரத்தில் கச்சேரிக்கு வந்த பியானோ கலைஞன், கனவில் நடப்பதைப்போலக் கச்சேரிக்குப் போய்ச் சேராமலே அலைகிறான். ஜேம்ஸ் வுட் என்ற விமர்சகர், மோசத்திலேயே இது தனி வகை என்கிற மாதிரி எழுதினார். எனக்கு இந்தப் புத்தகத்தின் மேல் ஒரு பாசம் உண்டு, ஆனால் இரண்டு தடவை பாதியில் வைத்துவிட்டு மூன்றாம் தடவைதான் முடித்தேன். 2000-ல் வந்த ‘வென் வீ வேர் ஆர்ஃபன்ஸ்’ ஷாங்காயில் நடக்கும் துப்பறியும் கதை மாதிரி. அவருடைய அப்பா பிறந்த ஊர் ஷாங்காய் என்பதைத் தாண்டி எனக்கு அது பெரிதாக ஒட்டவில்லை.

2005-ல் ‘நெவர் லெட் மீ கோ’. தொண்ணூறுகளிலேயே இரண்டு முறை முயன்று கைவிட்ட கதை. விசித்திரமான விதி வாய்த்த மாணவர்கள் என்பது மட்டும் கையில் இருந்தது. அந்த விதி என்ன என்பது பிடிபடவில்லை. உயிரித் தொழில்நுட்பம் பற்றிய ஒரு வானொலி உரையாடல்தான் முடிச்சை அவிழ்த்தது. உடலுறுப்பைக் கொடுப்பதற்கென்றே நகலெடுத்து வளர்க்கப்படும் பிள்ளைகள், அழகான ஒரு விடுதிப் பள்ளியில். கேத்தி என்ற பெண் பதற்றமே இல்லாமல் அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவதைப்போலச் சொல்லிக்கொண்டு போகிறாள். அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை என்று படித்த எல்லோரும் கேட்பார்கள். சாவு வரும் என்று தெரிந்தும் நாம் எல்லோரும் எங்கே ஓடிவிட்டோம், வேலைக்குத்தானே போகிறோம் என்கிற தொனியில் இஷிகுரோ பதில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாவலுக்குப் பத்து வருடம் ஆயிற்று. இடையில் 2009-ல் ‘நாக்டர்ன்ஸ்’ என்ற கதைத் தொகுப்பு வந்தது. ‘தி பரீட் ஜயண்ட்’ (2015) தாமதமானதற்குக் காரணம் லோர்னா. தொடக்கப் பக்கங்களைப் படித்துவிட்டு, இது சரிப்படாது, முதலிலிருந்து எழுது என்றார். மனிதர் அப்படியே மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். பிறகு அடியிலிருந்து எழுதினார். ஆர்தர் மன்னர் காலத்துக்குப் பிந்தைய பிரிட்டன். பெண் டிராகன் ஒன்றின் மூச்சால் நாடே மறதியில் கிடக்கிறது. மறதி நீங்கினால் பழைய கொலைகள் ஞாபகம் வந்து மறுபடி வெட்டிக்கொள்வார்கள். நீங்காவிட்டால் ஒரு கிழத் தம்பதிக்குத் தங்கள் மகன் முகம்கூட நினைவில்லை. தனிமனிதரின் ஞாபகப் பிசகிலிருந்து தேசத்தின் ஞாபகப் பிசகுக்கு வந்துவிட்டார்.

2017 அக்டோபரில் நோபல். வடக்கு லண்டன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. முதலில் பொய்ச்செய்தி என்றே நினைத்தார். முந்தைய வருடம் அதே பரிசை வாங்கியவர் அவருடைய இளம் வயது நாயகன் டிலன். ஜேன் ஆஸ்டினையும் காஃப்காவையும் கலந்து கொஞ்சம் ப்ரூஸ்டையும் சேர்த்தால் இஷிகுரோ என்று நோபல் இலக்கியப் பரிசை வழங்கும் ஸ்வீடிஷ் அகாடமியின் அன்றைய செயலர் சாரா டேனியஸ் சமையல் குறிப்புபோலச் சொன்னார். 2018-ல் பிரிட்டன் ‘சர்’ பட்டம் அறிவித்தது. அதே வருடம் ஜப்பானும் உதய சூரியன் விருது கொடுத்தது. அவர் யார் என்ற உங்கள் முதல் கேள்விக்கு இரண்டு அரசாங்கங்களும் சேர்ந்து எழுதிய பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2021-ல் வந்த ‘கிளாரா அண்ட் த சன்’ சூரிய ஒளியில் இயங்கும் ஓர் இயந்திரத் தோழி சொல்லும் கதை. சின்னக் குழந்தைகளுக்கான படப்புத்தகமாகத்தான் யோசித்தார். எழுத்தாளரான மகள் நவோமி, இதைக் கேட்டால் குழந்தைகள் பயந்துவிடும் என்று தடுத்தபின் பெரியவர்களுக்கான நாவலாயிற்று. 2019-ல் காலமான அம்மாவின் நினைவுக்குச் சமர்ப்பணம். 2022-ல் வெளிவந்த ‘லிவிங்’ படத்துக்குத் திரைக்கதை எழுதினார். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘இகிரு’ படத்தை 1953 லண்டனுக்குக் கொண்டுவந்து, ஜப்பானிய குமாஸ்தாவுக்குப் பதில் பில் நை நடித்த ஓர் ஆங்கிலேய அதிகாரியை உட்காரவைத்தார். கோட்டும் தொப்பியும் மட்டும்தான் மாறின; அந்த மௌனம் அப்படியே பொருந்தியது. ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

வரிசை கேட்டீர்களே. முதலில் ‘ரிமெய்ன்ஸ்’, அடுத்து ‘நெவர் லெட் மீ கோ’. இரண்டும் பிடித்தால் ஓனோவின் கதைக்குப் போங்கள். ஸ்டீவன்ஸின் ஜப்பானிய அண்ணனை அங்கே பார்ப்பீர்கள். எட்ஸுகோவின் கதையை அதற்கப்புறம், ஒரே மூச்சில். ‘அன்கன்சோல்டு’ மட்டும் எச்சரிக்கையோடு: தொடக்கத்திலேயே ஒரு லிஃப்ட் காட்சி வரும். கிழட்டு போர்ட்டர் பெட்டிகளைக் கீழே வைக்காமல் பக்கம் பக்கமாகப் பேசுவார், லிஃப்ட் நிற்கவே நிற்காது, நடுவில் பார்த்தால் மூலையில் இன்னொரு பெண் அத்தனை நேரமும் நின்றிருப்பாள். அங்கே உங்களுக்குச் சிரிப்பு வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் தயங்காமல் மூடிவிடலாம், நானே இரண்டு தடவை மூடியவன்.